பட்டியலில் மிச்சமிருந்த ஒரு மருந்து

செட் மாத்திரை என்று ஒன்று உண்டு. ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிப்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, "அண்ணா, காய்ச்சலுக்கு ரெண்டு செட்" என்றால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக். ஒரு செட் என்பது ஒரு வேளை. இரண்டு செட்டில் காய்ச்சல் இறங்கிவிடும். மூன்றாவது செட் வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் லீவு போகும். அதனால் எல்லோரும் செட் மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

நான் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தர ஆய்வாளன். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூருக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இந்த மாத்திரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் தேர்ச்சி. எது எதற்கு என்று பெயரோடு தெரியும். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "சாரைக் கேளுங்க" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால் என் மகளை ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டுபோனதில் அந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு.

மகள் ரெஜினா. ஒரே பெண். இருபத்திரண்டு வயது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு மின்னணுப் பொருட்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே தலையிலிருந்து கால்வரை மூடுகிற ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் லைனில் நிற்க வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இடத்தில் நிற்க மாற்று ஆள் வர வேண்டும், உடுப்பைக் கழற்ற வேண்டும், திரும்பி வந்து மறுபடி மாட்ட வேண்டும். அதற்குப் பயந்து அந்தப் பெண்கள் ஷிப்டு முடிகிறவரை தண்ணீரே குடிப்பதில்லை. இது எனக்குத் தெரியாது. அவள் அம்மா மேரிக்குத் தெரிந்திருக்கிறது.

ரெஜினாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தது. மேரியிடம் சொன்னாள், மேரி என்னிடம் சொன்னாள், நான் கடைக்குப் போனேன். இரண்டு நாளில் சரியாயிற்று. மாத்திரையை நிறுத்தினோம். எட்டு மாதத்தில் இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முன்பு கொடுத்ததைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரையாக நானே தேர்ந்தெடுத்தேன். நடுவில் ஒருமுறை பக்கத்துத் தெரு கிளினிக்கில் மூன்று நாள் ஊசி. நான்காவது நாளும் வரச் சொன்னார்கள். அன்றைக்கு அவளுக்குக் காலை ஷிப்டு.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் கட்டிலில் சுருண்டு படுத்தாள். வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் ஒரு செட் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் யாரும் போகவில்லை, இன்னொரு செட் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை பல் துலக்க எழுந்தவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "ப்பா, ரூம் சுத்துது" என்றாள். கை சில்லென்றிருந்தது.

ஊரிலேயே இருக்கிற ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் ரெஜினாவைச் சுற்றி ஆறு பேர்.

டாக்டர் கார்த்திக் என்று ஒருவர் வந்து எங்களிடம் பேசினார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவராக இருப்பார். சிறுநீர்த் தொற்று மேலேறிச் சிறுநீரகத்துக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். ரத்தத்தில் கலந்த கிருமியோடு உடம்பு போராடும்போது ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். அதைத்தான் செப்சிஸ் என்கிறார்களாம். ஐ.சி.யூ.வில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்திருக்காங்களா?"

"இல்லைங்க சார். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு மாத்திரை."

மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். திட்டுவார் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொன்று பழக்கம். எங்கள் கம்பெனிக்கு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஆடிட் வரும். ஆடிட்டர் கேள்வி கேட்டால் ரெக்கார்டில் இருப்பதை மட்டும் சொல், இல்லாததை நீயாக எடுத்துக் கொடுக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். செட் மாத்திரைக்கு ரசீது கிடையாது, சீட்டு கிடையாது. ரெக்கார்டில் இல்லை. மகள் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது என் வாய் ஆடிட்டருக்குப் பதில் சொல்லிவிட்டது.

முதல்முறை தொற்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற மருந்தில் ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்று மூன்று. ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தத் தனியாக ஒரு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு ஹால். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குள் ஒருவித உறவு வந்துவிடுகிறது. பர்கூர் குவாரியில் வேலை செய்கிற ஒருவர், மாமனாருக்காக வந்தவர், தன் சார்ஜரை என்னிடம் கொடுத்துவிட்டு "நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு போன் பண்ண ஆளில்ல" என்றார். தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா தினமும் மேரியின் கையில் இரண்டு இட்லியைத் திணித்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நிற்பார். பெயர்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ரெஜினாவோடு வேலை செய்கிற பெண்கள் நான்கு பேர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையோடு அப்படியே வந்தார்கள். உள்ளே விடவில்லை. லாவண்யா என்கிற பெண் என்னிடம், "அங்கிள், லைன்ல அவ ஸ்டேஷன்ல என்னத்தான் நிக்க வெச்சிருக்காங்க. அவ வேகம் எனக்கு வராது. சூப்பர்வைசர் திட்டித் தீர்க்குறாரு. சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுதாள். போகும்போது ஒரு ஜூஸ் பாட்டிலை மேரியிடம் நீட்டி, "நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை காலை டாக்டர் கார்த்திக் வந்தபோது அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. "இந்த வயசுல, இதுவரை மருந்தே எடுக்காத பொண்ணுக்கு இந்நேரம் இறங்கியிருக்கணும்" என்றார்.

மேரி எழுந்து நின்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் என்னிடம். சத்தமாக இல்லை. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னேன். நான்கு முறை, என்னென்ன மாத்திரை, எத்தனை வேளை, கிளினிக் ஊசி, சனி ஞாயிறு கொடுத்தது வரை. அவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த ஒரு உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பெயர்களை நான் ஒன்றுவிடாமல் சொன்னபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். "இதை மொத நாளே சொல்லியிருந்தா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்பேன் சார்" என்றார். பிறகு அங்கேயே நின்று ஆய்வகத்துக்குப் போன் போட்டு, "கடைசி வரிசை மருந்துங்களையும் இன்னைக்கே சேர்த்துப் போட்டுடுங்க" என்றார். அன்றே மருந்தையும் மாற்றினார்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் சொல்ல வேண்டிய ஒரே அறிவுரை இங்கேதான் இருக்கிறது. மருத்துவர் ஆடிட்டர் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை மதியம் எங்களை அடித்தளத்திலிருக்கும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே கிருமிகளுக்கென்றே ஒரு மருத்துவர், டாக்டர் ஷோபா. ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கல்ச்சர் என்றால் என்ன என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நோயாளியின் ரத்தத்தை எடுத்துச் சத்துள்ள திரவத்தில் விட்டு, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். வளர்ந்தால் அதைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மருந்தையும் அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். அடங்கினால் ஒரு எழுத்து, அடங்காவிட்டால் இன்னொரு எழுத்து.

தாளை எங்கள் முன்னால் வைத்தார். இடது பக்கம் வரிசையாக மருந்துகளின் பெயர்கள். அதில் பாதிப் பெயர் எனக்குப் பழக்கம். நானே வாங்கியவை. வலது பக்கம் மேலிருந்து கீழாக ஒரே எழுத்து. எங்கள் கம்பெனியில் ஒரு பெட்டி முழுக்க ரிஜெக்ட் ஆனால் அந்தத் தாள் இப்படித்தான் இருக்கும். முந்தின நாள் மாற்றிய மருந்துக்கு எதிரிலும் அதே எழுத்து.

"இதுவும் கேக்கலியா?" என்றேன்.

"கேக்கல. ஆனா இங்க பாருங்க." விரலை அடிவரிசைக்குக் கொண்டுபோனார். ஒரே ஒரு இடத்தில் எழுத்து மாறியிருந்தது. "கொலிஸ்டின். நேத்தே போடச் சொன்னதால இன்னைக்குத் தெரிஞ்சுது. இல்லன்னா நாளைக்கு மதியம் ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சாச்சு. பயப்படபேடி அம்மா, பயப்படாதீங்க."

மேரி கேட்டாள்: "இது ஒண்ணுதானா டாக்டர்? இதுவும் ஆகலன்னா?"

டாக்டர் ஷோபா எழுந்துபோய் ஒரு ஜாடித் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து வைத்தார். "இது நல்லா வேலை செய்யுற மருந்துதான். ஆனா சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால ரொம்ப வருஷம் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. மத்ததெல்லாம் கைவிட்டப்ப மறுபடி எடுத்தாங்க. தினம் ரத்தம் பார்த்துக்கிட்டே குடுப்போம்."

"யார் கண்டுபிடிச்சது இதை?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. எழுந்து போகப் பயமாக இருந்தது, அதனால் கேட்டிருப்பேன்.

"செஞ்சது பாக்டீரியா சார். மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியா."

அப்படித்தான் அந்த விஷயம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. நான் இத்தனை வருஷமாகப் பெயர் சொல்லி வாங்கிய மாத்திரைகளில் பல, மூலத்தில் மனிதன் செய்தவையே இல்லையாம். ஒரு பிடி மண்ணுக்குள் கணக்கற்ற பாக்டீரியாக்கள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடுகின்றன. பக்கத்தில் இருப்பவனை அண்டவிடாமலிருக்க ஒவ்வொன்றும் ஏதேதோ பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருளை மனிதன் எடுத்து, சுத்தம் செய்து, அளவு பார்த்து மருந்தாக்கினான். "என் மகளைக் கொல்லப் பார்க்கிறதும் பாக்டீரியா, காப்பாத்தப் போறதும் பாக்டீரியாவா?" என்று மேரி கேட்டாள். "ஹௌதம்மா" என்றார் டாக்டர், ஆமாம் என்று.

அடுத்த ஐந்து நாட்கள் இரண்டு எண்களோடு வாழ்ந்தோம். ஒன்று காய்ச்சல். இன்னொன்று கிரியேட்டினின். தசையிலிருந்து வருகிற ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். ரத்தத்தில் அந்த எண் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். வழக்கமாக ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காய்ச்சல் நூற்று ஒன்றுக்கு இறங்கியது, கிரியேட்டினின் ஒன்று புள்ளி நான்கு. சனிக்கிழமை நூறு, ஒன்று புள்ளி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலே இல்லை. கிரியேட்டினின் இரண்டு புள்ளி நான்கு. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் இரண்டையும் கோடாக வரைந்தேன். ஒன்று இறங்க இறங்க இன்னொன்று ஏறியது. வேலையில் இப்படி ஒரு வரைபடம் வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்வேன். இங்கே நிறுத்தச் சொல்ல முடியாது. கிருமி திரும்பிவிடும்.

டாக்டர் கார்த்திக் மருந்தின் அளவைக் குறைத்தார். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று மணிக்கு மணி அளந்தார்கள். என் மைத்துனர் செல்வம் வேப்பனப்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவை ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதும் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். திங்கட்கிழமை இரண்டு புள்ளி நான்கேதான். ஏறவில்லை. அந்த எண்ணைச் சொன்ன நர்ஸின் கையை மேரி பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு புள்ளி ஒன்று.

அன்று மத்தியானம் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். மேரி என்னைப் போகச் சொன்னாள். "நீங்க போய்ப் பாருங்க, உங்களுக்குத்தான் வேணும்" என்றாள். அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ரெஜினா கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ப்பா, ஷேவ் பண்ணலியா நீ? திருடன் மாதிரி இருக்க."

"பாப்பா, நான்தான் அந்த மாத்திரையெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் ப்பா. நான்தான முழுங்கினேன். லாவண்யா என் ஸ்டேஷன்லயா நிக்கிறா? ரிஜெக்ட் எவ்ளோ போட்டிருப்பா?"

வார்டுக்கு மாற்றிய மூன்றாம் நாள் டாக்டர் ஷோபா ஒரு படிவத்தோடு மேலே வந்தார். ரெஜினாவின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியைப் பெங்களூருவில் உள்ள ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். அவர்கள் மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, அவை சுரக்கிற பொருட்களில் புது ஆன்டிபயாடிக் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்களாம்.

மேரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தச் சனியனை எதுக்கு டாக்டர் இன்னும் வளர்த்துக்கிட்டு? ஆசிட் ஊத்திக் கொளுத்துங்க."

"சோதிச்சுப் பாக்க ஒரு முரட்டு எதிரி வேணும்மா. சாதுவான கிருமியைக் கொல்ற மருந்து ஆயிரம் இருக்கு. இதைக் கொல்றதுதான் கெடைக்கல."

அதோடு இன்னொன்றும் சொன்னார். ரத்தத்திலிருந்து போய்விட்டாலும் இந்த வகைக் கிருமி குடலில் சில மாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் மறுபடி வந்தால் இதே மருந்து அடுத்த தடவையும் கேட்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை எனக்கு அந்த ஆராய்ச்சி யாரோ செய்கிற ஏதோ வேலை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அது என் வீட்டு விஷயம்.

ரெஜினா படிவத்தை முழுக்கப் படித்தாள். "எட்டு மாசமா என் உடம்புல ஓசிச் சோறு தின்னுச்சு. போய்க் கொஞ்சம் வேலை செய்யட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வருவதற்கு முன் டாக்டர் ஷோபாவிடம் அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. ஒரு கண்ணாடித் தட்டு முழுக்க ரெஜினாவின் கிருமியைப் புல்தரை மாதிரி வளர்க்கிறார்கள். அதில் சின்னச் சின்னக் குழிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மண் பாக்டீரியாவின் சாற்றை விடுகிறார்கள். அந்தச் சாற்றில் சக்தி இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு தெளிவான வளையம் தெரியும். பெரும்பாலான குழிகளைச் சுற்றி ஒன்றுமே தெரியாது. வளையம் வந்தாலும் சந்தோஷப்பட முடியாது. ஆராய்ந்து பார்த்தால் எப்போதோ கண்டுபிடித்த பழைய மருந்தாகவே இருக்கும். அதுவும் இல்லையென்றால் மனித செல்லையும் சேர்த்துக் கொல்லும். இன்னொரு சிக்கல், மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத்துத் தட்டில் வளரவே வளராது. அவற்றை மண்ணுக்குள்ளேயே சின்னப் பெட்டிகளில் புதைத்து வளர்க்கப் பழக்குகிறார்களாம். அதனால் வேறு வேறு இடத்து மண் தேவைப்படுகிறது.

"எங்க ஊர் மண்ணைக் கொண்டு வரலாங்களா?" என்றேன். சிரித்துவிட்டு, மலட்டுப் பை என்று சொல்லிக் கிருமி நீக்கிய உறைகள் பத்து கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதற்காகவே அலைந்தேன். வேப்பனப்பள்ளியில் செல்வத்தின் மாந்தோப்பில், காய்ந்த சருகுக்கு அடியிலிருந்து மூன்று உறை. காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணைக் கரையில் நான்கு. ஹாலில் பழக்கமான குவாரிக்காரரைக் கூப்பிட்டுப் பர்கூரில் பாறை இடுக்கு மண் மூன்று. "மண்ணுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே தோண்டிக் கொடுத்தார். மாமனார் பிழைத்துவிட்டாராம். ஒவ்வொரு உறையிலும் இடம், ஆழம், தேதி, மர நிழலா வெயிலா என்று ஒட்டினேன். என் வேலையில் நான் சரியானவன்.

திங்கட்கிழமை நான் ஷிப்டு முடிந்து வந்தபோது உறைகள் பளபளவென்று மேஜைமேல் அடுக்கியிருந்தன. மண் பொடியாக, ஈரமே இல்லாமல், ஏதோ வாசனையோடு இருந்தது.

"இதை என்னா பண்ணுன?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற மண்ணாச்சே. புழு, எறும்பு, சாணித்தூளெல்லாம் இருந்துச்சு. அப்படியே குடுத்தா நல்லாவா இருக்கும்? சலிச்சு, இரும்புச் சட்டியில ரவை மாதிரி வறுத்துப் போட்டேன்" என்றாள் மேரி. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவள் வீட்டில் எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். டம்ளர், தலையணை உறை, என் கைக்குட்டை. மண் மட்டும் தப்புமா?

கட்டிலில் படுத்திருந்த ரெஜினா சிரித்த சிரிப்பில் விலாவைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, அவங்களுக்கு வேணும்ங்கிறதே அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியாதான். மொத்தக் குடும்பத்தையும் வறுத்துட்ட."

டாக்டர் ஷோபாவிடம் போனில் சொன்னேன். அவர் போனைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரிப்பது கேட்டது. அடுத்த ஞாயிறு அவர் கொடுத்த புது உறைகளோடு மறுபடி பஸ் ஏறினேன். இந்த முறை மேரியும் வந்தாள். மாந்தோப்பில் அவளே குனிந்து, சாணியும் எறும்புமாக அள்ளி உறையில் போட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போட்டாள்.

அதற்குப் பிறகு மாதங்கள் ஓடின. ரெஜினாவின் கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் சிறுநீர் கல்ச்சர். முதல் முடிவை நானே பிரித்தேன். எதுவும் வளரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், மாற்று ஆள் வர எவ்வளவு நேரமானாலும் கையைத் தூக்கிவிடுகிறாளாம். அவளைப் பார்த்து மற்ற பெண்களும். லைன் வேகம் குறைகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும்.

ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்த ஒரு பாக்டீரியா வளையம் காட்டியிருப்பதாக டாக்டர் ஷோபா ஒருநாள் படம் அனுப்பினார். பழுப்புத் தரையில் நிலா மாதிரி ஒரு வட்டம். நான் அதை மேரியிடம் காட்டவில்லை. முதல் சாம்பிளை நம்புவது என் வழக்கமில்லை. மூன்று வாரம் கழித்து, அது பழைய மருந்துதான், கணக்கிலிருந்து எடுத்தாயிற்று என்று செய்தி வந்தது. எனக்கே ஆச்சரியமாக, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். மாந்தோப்பு மண்ணிலிருந்து ஒன்று. வளையம் வந்திருக்கிறது. இதுவரை தெரிந்த பொருட்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எதனோடும் பொருந்தவில்லை. சிறுநீரக செல்களை வளர்த்து அதன்மேல் விட்டுப் பார்த்தார்களாம், முதல் சோதனையில் அவை சாகவில்லை. "மொதல் சோதனைதான் சார், நெனப்புல வெச்சுக்கங்க. இன்னும் எவ்வளவோ இருக்கு. எலி, அப்பறம் ஆளுங்க. நடுவுல எங்க வேணும்னாலும் நின்னு போகலாம்." ஆனால் அவர் குரல் அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் முழுக்கக் கன்னடத்துக்கே போய்விட்டார்.

இந்த முறை என்னால் அடக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். மேரி கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அது எப்பங்க கடைக்கு வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம்னு சொல்றாங்க. வராமலே கூடப் போகலாம்."

"பத்து வருஷமா!"

ரெஜினா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குழம்பைப் பிசைந்தபடியே, "பத்து வருஷத்துல எனக்கு முப்பத்திரண்டு வயசு ம்மா. அதுக்குள்ள வந்துடும். அப்பளம் இன்னொண்ணு போடு" என்றாள்.

ஐ.சி.யூ. வாசலில் நான் அடுத்த நாள் காலை ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் கணக்குப் போட்டிருந்தேன். அதைத் தாண்டி ஒரு நாளை நினைத்துப் பார்க்கத் துணியவில்லை. மேரி அடுப்படிக்குள் போனாள். எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அவள் தட்டில் ஒன்றல்ல, மூன்று அப்பளம் வைத்தாள்.